திறந்ததும் என்ன செய்ய வேண்டும்

டெல்ஃபினாவுக்கு வேண்டியிருந்தது ஆறு வரி மாற்றம். அதைக் கேட்பதற்காக முத்தந்துறையிலிருந்து இரண்டு பேருந்து மாறி நாகர்கோவிலுக்கு வந்திருந்தாள். ஏற்கெனவே மூன்று கடிதம் எழுதியாயிற்று. மூன்றுக்கும் 'இயலாது' என்று மரியாதையான பதில் வந்தது. எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளிடம் அந்த வார்த்தையைச் சொல்வது அத்தனை சுலபமில்லை என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் நேரில் வந்தாள்.

கதவைத் திறந்தவர் வேலுமயில். ஐம்பத்தாறு வயது. நொச்சி என்ற எழுத்துக் கருவியைப் பதினெட்டு வருடமாகப் பராமரித்து வருகிறவர். அது யாருக்கும் சொந்தமில்லாத மென்பொருள், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். கடிதம், கட்டுரை, செய்தி எதையும் அதில் எழுதலாம். இணையப் பக்கங்களைப் பார்க்க அதற்குள்ளேயே சாளரம் என்று ஓர் உலாவியும் உண்டு. தொண்ணூறாயிரம் பேர் பயன்படுத்தினார்கள். அதில் ஒரு எழுத்தை மாற்றுவதென்றாலும் வேலுமயில் சம்மதிக்க வேண்டும்.

"வாங்கம்மா. ரெண்டு படி இருக்கு, பாத்து," என்றார். சொன்ன பிறகு 'பாத்து' என்ற சொல் அவருக்கே உறுத்தியது.

"கைக்கம்பு சொல்லிட்டுது அண்ணாச்சி," என்று சிரித்துக்கொண்டே ஏறி வந்தாள். பிறவியிலேயே அவளுக்குப் பார்வை கிடையாது. வயது முப்பத்தொன்பது. முத்தந்துறைப் படகுச் சங்கத்தின் செய்தி அறையில் பதினான்கு வருடமாக வேலை. காற்றும் கடலும் எப்படி இருக்கின்றன என்று இணையத்தில் படித்து, கடலுக்குப் போகிறவர்களின் பேச்சில் அதை எழுதி, வயர்லெஸ்ஸில் வாசிப்பாள். முந்நூறு படகுகள் அவள் குரலைக் கேட்டுத்தான் கரையேறின.

இது நடந்தது இரண்டாயிரத்து ஐம்பத்து மூன்றில். இணையப் பக்கங்களை மனிதர்கள் நேரடியாகப் படிப்பது அதற்குள் ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. பக்கங்களை இயந்திரங்கள் எழுதின. ஒரு வானிலைப் பக்கம் அறுபதாயிரம் சொல் நீளும். அதனால் எல்லா உலாவிகளிலும் ஒரு வாசிப்பான் இருந்தது. பக்கம் திறந்ததும் அது முழுவதையும் தானே படித்து, முக்கியம் என்று தனக்குப் பட்டதைப் பத்து வரியில் சொல்லும். சாளரமும் அப்படித்தான்.

"முழுப் பக்கத்தையும் பாக்கணும்னா அதுக்கு ஒரு விசை இருக்கே," என்றார் வேலுமயில். "அமுக்கினா மூலம் அப்படியே வரும்."

"ஒரு நாளைக்கு நானூறு பக்கம் திறக்கேன் அண்ணாச்சி. ஒவ்வொண்ணுக்கும் முதல்ல உங்க வாசிப்பான் அரை நிமிசம் யோசிக்கும். பொறவு அது சொல்லுறதைக் கேக்கணும். பொறவு விசை, பொறவு மூலம். இப்படி நானூறு தடவை. கடல் அதுவரைக்கும் எனக்காகக் காத்துக் கெடக்குமா?"

"சரி, உங்களுக்கு என்னதான் வேணும்?"

"பக்கம் திறந்ததும் என்ன செய்யணும்னு நீங்க ஒருத்தர் முடிவு பண்ணி வச்சிருக்கீங்க. அந்த இடத்தைக் காலியா விடுங்க. என் மிசின்ல அங்க என்ன நடக்கணும்னு நான் எழுதிக்கிடுதேன். ஒண்ணும் எழுதாதவங்களுக்குப் பழையபடி வாசிப்பானே வரட்டும். ஒருத்தருக்கும் ஒண்ணும் மாறாது."

"நீங்க என்ன எழுதுவீங்க?"

"மிதவைப் பக்கத்துல போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் எது மாறிச்சோ அதைச் சொல்லு. எந்த வரி காலியா கெடக்கோ அதை முதல்ல சொல்லு. அவ்வளவுதான்."

"காலியா கெடக்கத முதல்லயா?"

"வளைகுடாவுல இருபத்துநாலு மிதவை போட்டிருக்காங்க. பத்து நிமிசத்துக்கு ஒருக்க காத்து இவ்வளவு, அலை இவ்வளவுன்னு ஒவ்வொண்ணும் சொல்லும். ஒண்ணு சொல்லாம போச்சுன்னா அந்த வரி காலி. காலி வரியில சேதி இல்லன்னு உங்க வாசிப்பான் தூக்கிப் போட்டுரும். எனக்கு அதுதான் அண்ணாச்சி சேதி. தெனமும் கத்துற பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் கத்தலன்னா, என்னன்னு போய்ப் பாக்க மாட்டோமா?"

வேலுமயில் சிரிக்கவில்லை. "அந்தக் காலி இடம் ஒன்பது வருசத்துக்கு முன்ன சாளரத்துல இருந்தது," என்றார். "நான்தான் வச்சேன். நான்தான் எடுத்தேன்."

"ஏன்?"

அவர் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அக்கா பகவதியின் கணவர் ஆஸ்பத்திரியில் இறந்ததிலிருந்து தொடங்கினார். அதற்குப் பிறகு நோய், மருந்து, ஆஸ்பத்திரி என்று எந்தச் செய்தி வந்தாலும் காட்டாதே என்று பகவதி தன் சாளரத்தை மாற்றி வைத்துக்கொண்டார். நான்கு மாதம் கழித்து ஒரு மூட்டுவலி மாத்திரையை நிறுத்தச் சொல்லி அறிவிப்பு வந்தது. நாடு முழுவதும் படித்தது. பகவதி மட்டும் படிக்கவில்லை. அவர் தினமும் விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரை அது. இரண்டு சிறுநீரகமும் போயின. இப்போது வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ்.

"மனுசனுக்குத் தேர்வு கொடுத்தா தனக்குப் பிடிச்சதைத்தான் தேர்ந்தெடுப்பான்," என்றார் வேலுமயில். "அன்னைக்கு முடிவு பண்ணினேன். என் கையால இனி ஒருத்தரும் கண்ணைக் கட்டிக்கிட வேண்டாம்."

"என் கதையைச் சொல்லி ஊருக்கே கதவடைக்கியா?" என்றபடி பகவதி காப்பித் தம்ளர்களோடு வந்தார். மெலிந்த உடம்பு, ஆனால் குரலில் சுருதி குறையவில்லை. டெல்ஃபினாவின் கையைப் பிடித்துத் தம்ளரை வைத்தார். "சூடு, மெதுவா. நான் ஒரு தப்பு பண்ணினேன் தங்கச்சி. அது என் தப்பு. நான்தான் அனுபவிக்கேன். இவன் அதையும் என்கிட்டயிருந்து புடுங்கி, தன் தப்பாக்கி, தலையில வச்சுக்கிட்டு அலையுதான்."

"அக்கா, நீ சும்மா இரி."

"நான் சும்மாத்தான் இருக்கேன். நீதான் ஒன்பது வருசமா சும்மா இருக்க மாட்டேங்க."

டெல்ஃபினா காப்பியைக் குடித்து முடித்தாள். "அண்ணாச்சி, உங்க வேதனை எனக்குப் புரியுது. ஆனா அக்கா காதைப் பொத்திக்கிட்டாங்கன்னு என் காதையும் சேத்துப் பொத்துறது எந்த நியாயம்?"

"அடுத்த ஆளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுவா?"

"படகுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

வேலுமயில் காலித் தம்ளரை மேசையில் வைத்தார். பிறகு, "இயலாதும்மா," என்றார். எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளிடமும் அந்த வார்த்தையைச் சொல்ல முடிகிறது என்று டெல்ஃபினா அன்று தெரிந்துகொண்டாள்.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. மடியில் சின்ன விசைப்பலகையை விரித்து, காதுக்கருவியை மாட்டிக்கொண்டாள். நொச்சி யார் வேண்டுமானாலும் நகலெடுத்துத் திருத்தக்கூடிய மென்பொருள்தானே. தன் நகலைத் திறந்து, சாளரத்தில் வாசிப்பானை அழைக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, வள்ளியூர் தாண்டுவதற்குள் ஆறு வரியையும் எழுதி முடித்தாள். அந்த இடத்துக்கு ஒரு பெயர் வைக்க வேண்டியிருந்தது. 'திறந்ததும் என்ன செய்ய வேண்டும்' என்று வைத்தாள். வீடு சேருமுன் அந்த இடத்தில் மிதவைக் கட்டளையையும் எழுதிவிட்டாள்.

மறுநாள் முதல் அவள் அறையில் புதுச் சத்தம் கேட்டது. நிமிடத்துக்கு அறுநூறு சொல் வேகத்தில் இயந்திரம் பேசும். மற்றவர் காதுக்கு அது தகரத்தில் மொச்சை கொட்டுகிற மாதிரி இருக்கும். அவளுக்குத் தெளிவான பேச்சு. எந்த மிதவை என்ன சொன்னது, எது சொல்லவில்லை என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விரல்நுனியில் இருந்தது.

சங்கச் செயலாளர் கஸ்பாருக்கு இரண்டே நாளில் சேதி போய்விட்டது. அறுபது வயது, விசைப்படகு வைத்திருப்பவர், எதையும் விதிப்புத்தகத்தைப் புரட்டாமல் செய்யாதவர்.

"புள்ள, மாத்தின மென்பொருளை வச்சுப் படிச்ச சேதி செல்லாதுன்னு விதியில இருக்கு. ஏதாவது ஆச்சுன்னா காப்பீட்டுக்காரன் கையை விரிச்சுருவான்."

"மாத்தாத மென்பொருளு பாதியத்தான் படிக்குதுண்ணே."

"பாதியோ முழுசோ, அவன் ஒத்துக்கிட்டது அதுதான். இந்த மாசத்தோட இதை எடுத்துரு."

"மாசம் முடியட்டும், பேசிக்கிடுவோம்," என்றாள் டெல்ஃபினா. எடுக்கும் எண்ணம் அவளுக்கு இல்லை.

மாசம் முடியப் பதினொரு நாள் இருந்தது. ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. காலை வானம் வெளுத்து, லேசான கொண்டல் காற்று கிழக்கிலிருந்து வீசியது. நல்ல நாள் என்று மீன்பிடி வல்லங்கள் விடியுமுன்பே போய்விட்டன. முன்கணிப்பும் அமைதி என்றது.

ஒன்பது இருபதுக்கு இயந்திரம் முதல் வரியாகப் பத்தொன்பதாம் மிதவை காலி என்றது. பேட்டரி போயிருக்கும் என்று டெல்ஃபினா நினைத்தாள். மாதத்துக்கு ஒன்றிரண்டு அப்படிப் போகும். ஒன்பது முப்பதுக்குப் பதினெட்டாம் மிதவையும் சேர்ந்து காலி. அவள் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தாள். ஒன்பது நாற்பதுக்குப் பதினேழு.

மூன்றும் ஒரே வரிசையில், தென்கிழக்கிலிருந்து கரையை நோக்கி நிற்பவை. ஒன்றுக்கொன்று பத்து கிலோமீட்டர். பத்து நிமிடத்துக்கு ஒன்றாக எதுவோ அவற்றைச் சாய்த்துக்கொண்டு வந்தது. சாய்ந்த மிதவை பேசாது.

"கஸ்பார் அண்ணே," என்று கத்தினாள். "எல்லாரையும் திருப்பணும். சூறை வருது."

கஸ்பார் ஓடிவந்து பக்கத்து மேசையிலிருந்த மாற்றாத நொச்சியில் அதே பக்கத்தைத் திறந்தார். அரை நிமிடம் கழித்து வாசிப்பான் சொன்னது: 'மன்னார் வளைகுடாவில் மிதமான கொண்டல் காற்று. அலை ஒரு மீட்டருக்குக் கீழ். எச்சரிக்கை எதுவும் இல்லை.'

"இதுல ஒண்ணும் இல்லையே புள்ள."

"இருக்கிறதை மட்டும் சொல்லுது. மூணு மிதவை செத்துப்போச்சுண்ணே, வரிசையா. இன்னும் ஒரு மணி நேரத்துல நம்ம வல்லங்க நிக்கிற எடத்துக்கு வந்துரும்."

"தப்பா இருந்தா? முந்நூறு வல்லத்துக்காரனும் வெறுங்கையோட வந்து நிப்பான். விதிப்படி நீ படிச்ச சேதியே செல்லாது."

"தப்பா இருந்தா நாளைக்கு நான் இந்த அறைக்கு வரல. இப்ப மைக்கைக் குடுங்க."

கஸ்பார் அவள் முகத்தைப் பார்த்தார். பதினான்கு வருடத்தில் அவள் குரல் நடுங்கி அவர் கேட்டதில்லை. அன்றும் நடுங்கவில்லை. மைக்கை அவள் கையில் வைத்தார்.

"முத்தந்துறை வல்லங்க எல்லாரும் கேளுங்க, டெல்ஃபினா பேசுதேன். வலையை இழுக்க நேரமில்ல. அறுத்துட்டு வாங்க. சொன்னது கேட்டுச்சா? அறுத்துட்டு வாங்க."

அடுத்து அவள் வெள்ளாம்பாறைக்குப் பேசினாள். தெற்கே இருந்த சின்ன துறை. அங்கே செய்தி அறையில் இருந்தவன் மிக்கேல், முப்பது வயது, கவனமானவன். அன்று அவன் கரையிலிருந்து இருபத்தேழு வல்லம் போயிருந்தது.

"அக்கா, என் சாளரத்துல அமைதின்னுதானே இருக்கு?"

"விசையை அமுத்தி மூலத்தைப் பாரு மிக்கேலு."

அவன் அமுக்கினான். அறுபதாயிரம் சொல் திரையில் கொட்டியது. கடலளவு எழுத்தில் மூன்று காலி வரியை அவன் எங்கே போய்த் தேடுவான்? "ஒண்ணும் தெரியலக்கா. எங்க செக்ரட்டரி திரையில எச்சரிக்கை இல்லாம திருப்பக் கூடாதுன்னு சொல்லுதாரு. கொஞ்சம் பாத்துட்டுச் சொல்லுதேன்."

பத்து ஐந்துக்கு வேலுமயிலின் தொலைபேசி அடித்தது.

"அண்ணாச்சி, சண்டைக்கு நேரமில்ல. மிதவைப் பக்கத்தைத் திறந்து மூலத்துல பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது பாருங்க. இப்ப பதினாறும் போச்சு. முத்தந்துறைக்கு நான் சொல்லிட்டேன். மத்த கரையெல்லாம் உங்க வாசிப்பானைத்தான் பாத்துக்கிட்டு இருக்கு."

அவருக்கு அந்த வரிகளைக் கண்டுபிடிக்கப் பதினொரு நிமிடம் ஆயிற்று. தானே எழுதிய கருவிக்குள் தானே துழாவினார். கடைசியில் கண்டார். நான்கு வரி, நான்கும் காலி. வாசிப்பான் இவற்றை விட்டுவிட வேண்டும் என்று பல வருடங்களுக்கு முன்பு ஒரு மாலைப்பொழுதில் தீர்மானித்தவர் அவர்தான். படிப்பவர்களுக்குச் சலிப்பாக இருக்கும் என்று.

பகவதி பின்னால் வந்து நின்றார். "என்னடே?"

"இங்க நான் ஒரு வரி மாத்தினா தொண்ணூறாயிரம் பேருக்கும் மாறிரும் அக்கா. ஆஸ்பத்திரிக்காரன், பள்ளிக்கூடத்துக்காரன், எல்லாருக்கும். யாருகிட்டயும் கேக்காம."

"இவ்வளவு நாளும் யாருகிட்ட கேட்டே?"

அவர் தொலைபேசியை எடுத்து டெல்ஃபினாவைக் கூப்பிட்டார். அவள் தன் நகலில் எழுதி வைத்திருந்த ஆறு வரியை வாங்கினார். அப்படியே சேர்த்தார். சோதித்தார். அதோடு அவள் எழுதிய மிதவைக் கட்டளையையும் வாங்கி, கடற்கரைச் செய்தி அறைகள் அறுபத்திரண்டுக்கும் அனுப்பினார். 'விரும்பினால் இதை வையுங்கள். இப்போதே விரும்புங்கள்' என்று மேலே எழுதினார். அவர் வாழ்க்கையில் எழுதிய மிகக் குழப்பமான அறிவிப்பு அதுதான்.

வெள்ளாம்பாறையில் மிக்கேலின் திரையில் அது வந்தபோது மணி பத்து ஐம்பது. வைத்தான். முதல் வரியாக ஏழு மிதவைகளின் எண் வந்தது. ஏழும் காலி. செயலாளரைக் கேட்காமலே மைக்கை எடுத்தான்.

முத்தந்துறை வல்லங்கள் அதற்குள் கரையை நெருங்கியிருந்தன. பதினொரு மணிக்குத் தென்கிழக்கு வானம் கறுத்தது. பதினொன்றரைக்கு வெள்ளாம்பாறையைச் சூறை அடித்தது. அலை கரையோரத் தகரக் கொட்டகைகளைத் தூக்கி எறிந்தது. இருபத்தாறு வல்லம் எப்படியோ வந்து மணலில் ஏறியது. ஒன்று வரவில்லை. அதில் இருந்தவர்கள் ஆரோக்கியம் என்ற ஐம்பது வயதுக்காரரும் லாரன்சும். லாரன்ஸ் மிக்கேலின் மனைவிக்குத் தம்பி.

மூன்றாம் நாள் உடல்கள் கரையொதுங்கின. அடக்கத்துக்கு வேலுமயில் வந்திருந்தார், அக்காவையும் அழைத்துக்கொண்டு. யாரும் அவரை அடையாளம் காணவில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே டெல்ஃபினாவைப் பார்த்ததும், "நீங்க என் வீட்டுக்கு வந்த அன்னைக்கே நான் செஞ்சிருக்கணும்," என்றார்.

அவள் அவரைச் சமாதானப்படுத்தவில்லை. "ஆமா அண்ணாச்சி," என்றாள். பிறகு, "இனி?" என்று கேட்டாள்.

"அந்தக் காலி இடம் அப்படியே இருக்கும். எல்லாருக்கும். நீங்க வச்ச பேரோட."

"யாராவது திரும்ப காதைப் பொத்திக்கிட்டா?"

அவர் பகவதியைப் பார்த்தார். பகவதி கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பொத்திக்கிடுவாங்க. கொஞ்சப் பேரு அழிஞ்சும் போவாங்க. பாத்துக்கிட்டு இருக்கது கஷ்டம்தான்," என்றார். "அதுக்காக ஒருத்தன் கையால ஊரு முழுக்கக் காதைப் பொத்த முடியுமா?"

கஸ்பார் அந்த மாதக் கூட்டத்தில் எழுந்து விதிப்புத்தகத்தில் மாற்றிய மென்பொருள் பற்றிய பக்கத்தைப் படித்தார். பிறகு அந்த விதியை நீக்கத் தானே தீர்மானம் கொண்டுவந்தார். ஒருவரும் எதிர்க்கவில்லை.

தை மாதம் லாரன்சுக்கு மூன்றாம் மாதப் பூசை. டெல்ஃபினா வெள்ளாம்பாறைக்குப் போனாள். பூசை முடிந்ததும் மிக்கேல் அவளைச் செய்தி அறைக்கு அழைத்துப் போனான். புதுத் தகரக் கூரை, புது மேசை. பத்து நிமிடமானதும் இயந்திரம் தானாகப் பேசத் தொடங்கியது. மெதுவான வேகம், மிக்கேலுக்கு ஏற்றது. இரண்டு வாக்கியம் கேட்டதும் டெல்ஃபினா நிமிர்ந்தாள்.

"இது நான் காலையில எழுதினதுல்லா?"

"ஆமாக்கா. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதல்ல முத்தந்துறை டெல்ஃபினா என்ன சொல்லுதாங்கன்னு சொல்லும்படி வச்சிட்டேன். திறந்ததும் செய்ய வேண்டியது அதுதான்."

"மிதவையைக் கேக்கறதில்லையா நீ?"

"எதுக்கு? நீங்க கேட்டுட்டுத்தானே எழுதுதீங்க." அவன் குரல் தாழ்ந்தது. "அன்னைக்கு நீங்க சொன்னீங்க. நான் திரையைப் பாத்தேன். ஐம்பது நிமிசம்கா. இனி என் கண்ணை நான் நம்பமாட்டேன்."

"நீ ஒருத்தன்தான் இப்படி வச்சிருக்கியா?"

"இல்லக்கா. நாப்பத்தோரு அறை. எல்லாரும் எப்படி வச்சிருக்கோம்னு பொதுவுலதானே போடுதோம், பாத்து எடுத்துக்கிட்டாங்க."

டெல்ஃபினா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். வேலுமயிலின் வாசிப்பானை அகற்றிவிட்டு, அதே இடத்தில் நாற்பத்தோரு கரை அவளை உட்காரவைத்திருந்தது. பெருமையாக இருந்திருக்க வேண்டும். அவளுக்கு அப்படி இல்லை.

"மிக்கேலு, போன மாசம் நான் ஏழு தடவை எச்சரிக்கை சொன்னேன். ரெண்டு தடவை ஒண்ணும் வரல. வல்லமெல்லாம் வெறுமனே திரும்பிச்சு. அது பரவாயில்ல. ஒரு தடவை நான் சொல்ல வேண்டிய எடத்துல சொல்லலன்னா?"

"உங்களுக்குத் தப்பாதுக்கா."

"தப்பும். காய்ச்சல் வந்தாத் தப்பும். தூங்கிட்டாத் தப்பும். அன்னைக்கு நாப்பத்தோரு கரைக்கும் ஒண்ணாத் தப்பும்."

அவள் அவனைத் திட்டவில்லை. திட்டி ஒருவனுக்குத் தன் கண்மேல் நம்பிக்கை வரவைக்க முடியாது.

மறுநாள் காலை, நாற்பத்தோரு அறைகளும் எடுத்துக்கொள்ளும் தன் செய்திப் பக்கத்தில் அவள் ஒரு கேள்வியைச் சேர்த்தாள். அவளுடைய செய்தி தொடங்கும் முன் இயந்திரம் கேட்கும்: 'உங்கள் கரையில் இப்போது காற்று எங்கிருந்து வீசுகிறது? வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.' எழுதினால்தான் மேலே போகும்.

அன்று மாலைக்குள் வேலுமயிலுக்குப் பன்னிரண்டு புகார் வந்தது. அவர் கூப்பிட்டார். "என்னம்மா இது? நீங்களும் என்னைப் போலக் கதவடைக்க ஆரம்பிச்சிட்டீங்களா?"

"அடைக்கல அண்ணாச்சி. தட்டுதேன். பிடிக்காதவங்க எடுத்துரலாம்லா? எப்படி எடுக்கணும்னு அங்கேயே எழுதியும் வச்சிருக்கேன்."

ஒரு வாரம் அமைதியாகப் போனது. நாற்பத்தோரு கரையில் ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே அறைக்கு வெளியே வந்து, கையை உயர்த்திக் காற்றைப் பார்த்து, உள்ளே போய் எழுதினார்கள். எட்டாம் நாள் வேலுமயில் மறுபடி கூப்பிட்டார். குரலில் வருத்தம் இருந்தது.

"பதினோரு அறைக்காரங்க உங்க கேள்வியை எடுத்துட்டாங்கம்மா. அதுல மிக்கேலும் ஒருத்தன்."

டெல்ஃபினாவின் விரல்கள் விசைகள் மேல் நின்றன. "கேள்வியை மட்டுமா எடுத்தான்?"

"இல்ல. உங்களையே எடுத்துட்டான். மிதவைப் பக்கத்தை அவனே கேக்க மாதிரி சொந்தமா ஒண்ணு எழுதி வச்சிருக்கான். முப்பது வரி. அதுல பாதி தேவையே இல்ல. ஆனா வேலை செய்யுது."

அவள் உரக்கச் சிரித்தாள். பக்கத்து அறையிலிருந்து கஸ்பார் எட்டிப்பார்த்தார்.

"என்னம்மா சிரிக்கீங்க? எடுத்துட்டாங்களேன்னு நான் வருத்தப்படுதேன்."

"எடுக்கணும்னா உள்ள இருக்கதைத் திறந்து படிச்சிருக்கணும்லா அண்ணாச்சி?"

"அது சரிதான்," என்றார் வேலுமயில். பிறகு, "இன்னைக்கு அவன் எழுதின சேதியைப் பாத்தீங்களா?" என்று கேட்டார். "நீங்க மதியத்துக்கு மேல கொண்டல்னு எழுதியிருக்கீங்க. அவன் கச்சான்னு எழுதியிருக்கான். மேற்குக் காத்து. ரெண்டும் எப்படி சரியா இருக்கும்?"

"இருக்காது. யாருக்கோ தப்பு."

அழைப்பை வைத்துவிட்டு வெள்ளாம்பாறையைக் கூப்பிட்டாள். மிக்கேல் எடுத்தான். அவன் பின்னால் கடல் சத்தம் கேட்டது. வெளியே நிற்கிறான்.

"ஏ மிக்கேலு, எதை வச்சுடா கச்சான்னு எழுதினே?"

"அக்கா, உங்களுக்கு எதிரா எழுதணும்னு இல்ல..."

"அதை விடு. நீ எதைப் பாத்தன்னு சொல்லு. நானும் பாக்கேன்."

அவன் சொல்லத் தொடங்கினான். டெல்ஃபினா தன் இயந்திரத்தின் பேச்சை நிறுத்திவிட்டு, காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.